மெட்ரோ வந்தது, நெரிசல் போயிற்றா?

தில்லியில் நம்மவர் இருவர் சந்தித்துக்கொண்டால் முதலில் பேசுவது வெயில் அல்லது குளிர், அடுத்தது டிராஃபிக். "இத்தனை கோடி செலவழித்து மெட்ரோ போட்டார்களே, என்ன பிரயோஜனம்? ஆஷ்ரம் சௌக்கில் அதே கூட்டம்தானே?" என்பார் ஒருவர். "பஸ்ஸை ஒழுங்காக விட்டால் எல்லாம் சரியாகிவிடும்" என்பார் இன்னொருவர். "இன்னும் நாலு மேம்பாலம் கட்ட வேண்டும்" என்பது மூன்றாமவர் தீர்ப்பு. டிப்ளமா முடித்து 1982-ல் ரயில்வேயில் சேர்ந்து, தண்டவாளப் பராமரிப்பிலேயே காலம் கழித்து ஓய்வு பெற்றவன் நான். இந்த வாதங்களை ஒவ்வொன்றாக எடை போட்டுப் பார்ப்போம் என்று தோன்றியது.

மேம்பாலம் என்னும் வைத்தியம்

ஆஷ்ரம் சௌக்கையே எடுத்துக்கொள்வோம். அங்கே மேம்பாலம் முன்பே உண்டு. 2022-ல் சுரங்கப் பாதை திறந்தார்கள். 2023-ல் மேம்பாலத்தை நீட்டினார்கள். அருகிலேயே 2010 காமன்வெல்த் போட்டிக்காகக் கட்டிய பாராபுல்லா உயர்மட்டச் சாலையும் இருக்கிறது. ஒவ்வொன்று திறந்தபோதும் சில மாதங்கள் நிம்மதி. பிறகு பழைய கதைதான்.

காரணம் எளிது. சாலை காலியாக இருக்கிறது என்று தெரிந்தால் அதுவரை மெட்ரோவில் போனவர் காரை எடுக்கிறார். எட்டு மணிக்கே புறப்பட்டவர் ஒன்பதுக்குப் புறப்படுகிறார். சுற்றுவழியில் போனவர் நேர்வழிக்குத் திரும்புகிறார். கிடைத்த இடம் நிரம்பிவிடுகிறது. யானைப் பசிக்குச் சோளப்பொரி என்பது இதுதான்.

தண்டவாளம் இருந்தால் மட்டும் போதுமா?

நம்மில் மூத்தவர்களுக்கு ரிங் ரயில்வே நினைவிருக்கும். சரக்கு வண்டிகள் நகரின் நெரிசலான நிலையங்களுக்குள் நுழையாமல் சுற்றிப் போவதற்காக 1975-ல் உருவான பாதை அது; சுமார் 35 கிலோமீட்டர். 1982 ஆசிய விளையாட்டுப் போட்டியின்போது பயணிகள் வண்டிகளை அதிகப்படுத்தினார்கள். லோதி காலனி, சேவா நகர், சரோஜினி நகர் என்று நம் தமிழ்க் குடும்பங்கள் நிறைந்திருந்த அரசுக் குடியிருப்புகளின் ஓரமாகவே அது போயிற்று. இருந்தும் கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன கதையாக முடிந்தது.

தண்டவாளத்தில் குறை இல்லை. ஆனால் ஒரு வண்டியை விட்டால் அடுத்தது எப்போது என்று டைம் டேபிளைத் தேட வேண்டும். நிலையங்கள் பலவும் பிரதான சாலையிலிருந்து ஒதுங்கி இருந்தன. போகும் வழியில் விளக்கு கிடையாது, இறங்கினால் பஸ் கிடையாது. சரக்கு வண்டிக்கும் அதே பாதைதான்.

2018 மார்ச் முதல் கட்டம் கட்டமாகத் திறந்த மெட்ரோவின் பிங்க் லைனும் ஏறக்குறைய நகரைச் சுற்றித்தான் போகிறது. சரோஜினி நகர், லாஜ்பத் நகர் என்று பெயர்கள்கூட ஒன்றே. ஆனால் அதில் கூட்டம் நிரம்பி வழிகிறது. அடுத்த வண்டி சில நிமிடங்களில் வந்துவிடும். மற்றத் தடங்களுக்கு மாறிக்கொள்ளலாம். இரவில் நம் வீட்டுப் பெண்கள் பயமின்றி ஏறி இறங்கலாம். ஆகவே "ரயில் போட்டால் மக்கள் வருவார்கள்" என்பது பாதி உண்மை. அடிக்கடி வர வேண்டும், வீட்டிலிருந்து நிலையம் வரை நடக்க முடிய வேண்டும் என்பது மீதிப் பாதி.

பஸ் கட்சியின் வாதம்

பஸ்ஸுக்காகப் பேசுபவர்களின் கணக்கு பலமானது. நகரச் சாலையின் ஒரு தடத்தில், சிக்னல்களையும் சேர்த்துப் பார்த்தால், மணிக்கு 800 கார்கள் போகலாம் என்று கொள்வோம். காருக்கு ஒன்றரைப் பேர் என்றால் 1,200 பேர். அதே தடத்தில் நிமிடத்துக்கு ஒரு பஸ், பஸ்ஸுக்கு 50 பேர் என்று விட்டால் 3,000 பேர். ஆறு பெட்டி மெட்ரோ, வண்டிக்கு 1,500 பேர், மூன்று நிமிடத்துக்கு ஒன்று என்றால் 30,000 பேர்.

கணக்கு சரிதான், நடைமுறைதான் தகராறு. 1998 ஜூலையில் உச்ச நீதிமன்றம், 2001 ஏப்ரலுக்குள் தில்லியில் 10,000 பஸ்கள் ஓட வேண்டும் என்று உத்தரவிட்டது. 2025-லும் அந்த எண்ணிக்கை எட்டப்படவில்லை.

2008-ல் அம்பேத்கர் நகரிலிருந்து மூல்சந்த் வரை 5.8 கிலோமீட்டருக்குப் பஸ்ஸுக்கென்று தனித் தடம் ஒதுக்கினார்கள். பஸ் நிறுத்தங்களை நடுச்சாலையில் வைத்ததால் பயணிகள் சாலையைக் கடக்கப் பட்ட பாடு உண்மை. தில்லி கேட் வரை போக வேண்டிய திட்டம் பாதியில் நின்றதும் உண்மை. ஆனால் பெரிய கூச்சல், பக்கத்துத் தடத்தில் காரில் காத்திருந்தவர்களுடையது. வழக்கு தொடுத்தார்கள், 2012-ல் உயர் நீதிமன்றம் பஸ் தடத்துக்குச் சாதகமாகவே தீர்ப்பளித்தது. இருந்தும் 2016-ல் அதைப் பெயர்த்தெடுத்துவிட்டார்கள்.

கட்டணத்தை எடுத்துவிட்டால் கார் குறையும் என்பாரும் உண்டு. 2019 அக்டோபரில் தில்லி பஸ்களில் பெண்களுக்கு இலவசப் பயணம் வந்தது. வீட்டு வேலைக்குப் போகும் பெண்களுக்கு அது எவ்வளவு பெரிய உதவி என்பதை நம் வீடுகளிலேயே பார்த்தோம். ஆனால் அவர்கள் கார் வைத்திருந்தவர்கள் அல்லவே! கார் வைத்திருப்பவர் பத்துப் பதினைந்து ரூபாய் மிச்சத்துக்காக அதை நிறுத்திவிட மாட்டார்.

ஸ்டாக்ஹோம் காட்டிய விடை

பஸ்ஸும் ரயிலும் நன்றாக இருந்தாலே நெரிசல் குறையுமா என்பதுதான் மையக் கேள்வி. இதை யாராவது சோதித்துப் பார்த்திருக்கிறார்களா என்றால், சுவீடன் தலைநகர் ஸ்டாக்ஹோமில் பார்த்திருக்கிறார்கள். 2005 ஆகஸ்ட் இறுதியில் அங்கே புதிய பஸ்களை ஏராளமாக விட்டார்கள். கார்களின் எண்ணிக்கையில் சொல்லும்படியான மாற்றம் இல்லை. 2006 ஜனவரி 3 முதல் நகரின் மையத்துக்குள் நுழையும், வெளியேறும் கார்களுக்குக் கட்டணம் விதித்தார்கள். எல்லையைக் கடக்கும் வாகனங்கள் சுமார் ஐந்தில் ஒரு பங்கு குறைந்தன. ஜூலை முடிவில் கட்டணத்தை நிறுத்தினார்கள். வாகனங்கள் பெருமளவு திரும்பிவிட்டன. 2007 ஆகஸ்டில் மறுபடி கட்டணம், மறுபடி குறைவு. சிங்கப்பூர் 1975-லேயே இந்த வழிக்கு வந்தது. லண்டன் 2003-ல் வந்தது.

நம் ஊரில் நிலைமை நேர் எதிர். கார் வாங்கும்போது சாலை வரியை மொத்தமாகக் கட்டிவிடுகிறோம். பிறகு எத்தனை முறை நெரிசலான நேரத்தில் எடுத்தாலும் கூடுதலாக ஒரு பைசா கிடையாது. வீட்டு வாசலில் நிறுத்தவும் காசில்லை. மெட்ரோவுக்கோ தலைக்குத் தலை டிக்கெட். 2025 ஆகஸ்ட் உயர்வுக்குப் பின் 12 முதல் 21 கிலோமீட்டர் வரை வார நாளில் 43 ரூபாய். நால்வர் போய்வர 344 ரூபாய். அதே 20 கிலோமீட்டர் காரில் போய்வர, லிட்டருக்கு 15 கிலோமீட்டர், பெட்ரோல் 95 ரூபாய் என்று வைத்தால் 255 ரூபாய்க்குள் முடிந்துவிடுகிறது. குடும்பஸ்தர் எதைத் தேர்ந்தெடுப்பார்?

2016 ஜனவரியில் ஒற்றைப்படை, இரட்டைப்படை எண் திட்டம் வந்தபோது சாலைகள் கொஞ்சம் மூச்சு விட்டன. ஏப்ரலில் அதே திட்டம் அவ்வளவு பலன் தரவில்லை. தடை போட்டால் மாற்று வழி தேடுவது மனித இயல்பு. அன்றாடம் தரவேண்டிய கட்டணம் அப்படியல்ல; அவசரத்துக்குப் போகிறவர் தந்துவிட்டுப் போவார், மற்றவர் யோசிப்பார்.

நாம் கேட்க வேண்டியது

என் முடிவு இது. பொதுப் போக்குவரத்து மட்டுமே சாலை நெரிசலைக் குறைக்காது. சாலையை உபயோகிப்பதற்கும் காரை நிறுத்துவதற்கும் நியாயமான விலை வைத்தால்தான் குறையும். ஆனால் நல்ல பஸ்ஸும் மெட்ரோவும் இல்லாமல் அப்படி விலை வைப்பது ஏழைக்கும் நடுத்தரக் குடும்பத்துக்கும் அநியாயம். இரண்டும் சேர்ந்தே வர வேண்டும். லண்டனில் அந்த வருமானத்தைப் போக்குவரத்துக்கே செலவிட வேண்டும் என்று சட்டமே உண்டு. இங்கும் பார்க்கிங் கட்டணம் பஸ்ஸுக்கும் நடைபாதைக்கும் போகட்டும்.

"நெரிசல் குறையவில்லையே, மெட்ரோ வீண்" என்ற பேச்சை நாம் வளர விடக்கூடாது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நம் அங்கத்தினர்களில் பலர் அறுபதைக் கடந்தவர்கள். கண்புரை வந்தபின் இரவில் ஸ்டியரிங் பிடிக்க முடியாது. பிள்ளைகள் பெங்களூரிலோ அமெரிக்காவிலோ இருப்பார்கள். அப்போது மருத்துவமனைக்கும் கோயிலுக்கும் கச்சேரிக்கும் நம்மைக் கொண்டுபோவது மெட்ரோவும் பஸ்ஸும்தான். ரிங் ரோடில் கார்கள் நின்றாலும் நகர்ந்தாலும், ஒரு பாட்டி மயூர் விஹாரிலிருந்து தனியாக சரோஜினி நகர் பிள்ளையார் கோயிலுக்குப் போய்வர முடிகிறதே, அதுவே கணக்கில் சேர வேண்டிய லாபம்.

சங்கத்துக்கும் ஒரு சிறு விண்ணப்பம். விழா அழைப்பிதழில் அருகிலுள்ள மெட்ரோ நிலையத்தையும் பஸ் எண்களையும் அச்சிடலாம். நிகழ்ச்சியை எட்டரை மணிக்குள் முடிக்கலாம். நன்றியுரை சற்றுச் சுருங்கினால் யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள். கார் இல்லாத அங்கத்தினர்கள் கடைசிவரை உட்கார்ந்திருப்பார்கள்.