காவல் நாயின் அஜீரணமும் அதற்கேற்ற ஆகாரமும்

களத்துமேட்டிற்கும் ஆட்டுக்கிடைக்கும் இரவு முழுவதும் காவலாயிருப்பது நாய். உழவு மாட்டிற்குப் பருத்திக்கொட்டையும் பிண்ணாக்கும் அளந்து வைக்கும் குடியானவர்களுள், நாய்க்கு இன்ன ஆகாரம், இவ்வளவு என்று யோசிப்பவர் அபூர்வம். மிஞ்சிய பழஞ்சோறு, புளித்த மோர், விருந்து நாட்களில் எலும்பும் கொழுப்பும் என்று அகப்பட்டதைத் தின்று அது பெரும்பாலும் சமாளித்துக் கொள்கிறது. சமாளிக்க முடியாதபோது வாந்தியும் பேதியும் உண்டாகின்றன. அச்சமயத்தில் இரக்கத்தின் பேரில் ஊற்றப்படும் பாலும், போடப்படும் கொழுத்த மாமிசமும் நோயை நீடிக்கச் செய்கின்றன.

ஆகாரத்தைப் பற்றி யோசிக்குமுன், இது ஆகாரத்தால் தீரக்கூடிய நோய்தானா என்று நிதானிக்க வேண்டும். குட்டி நாய் சோர்ந்து விழுந்து, துர்நாற்றத்துடன் இரத்தமாகக் கழியுமாயின் அது பார்வோ என்னும் தொற்று நோயாக இருக்கலாம். 1978-ஆம் வருஷ வாக்கில் உலகெங்கும் பரவிய இந்நோய்க்குத் தடுப்பூசி உண்டு. ஊசி போடாத குட்டிகளில் பல இதனால் மடிகின்றன. பூச்சிமருந்து தெளித்த வயலிலிருந்து திரும்பிய நாய் எச்சில் ஒழுக, தசைகள் துடிக்க, வாந்தியெடுக்குமானால் அது விஷம். வயிறு உப்பி, ஓங்கரித்தும் ஒன்றும் வெளிவராத நாய்க்கு இரைப்பை முறுக்கிக் கொண்டிருக்கக்கூடும். இவற்றில் எதற்கும் பத்தியம் உதவாது. நாழிகை போக்காமல் கால்நடை மருந்தகத்திற்குக் கொண்டு போவதே வழி. மனிதருக்கான வலி மாத்திரைகளைக் கொடுப்பது ஆபத்து.

மேற்கூறியவை இல்லாமல், வளர்ந்த நாயொன்று இரண்டொரு தடவை கழிந்தும், ஓரளவு சுறுசுறுப்பாய் இருக்குமாயின் வீட்டிலேயே பத்தியம் நடத்தலாம். தண்ணீரை ஒருபோதும் நிறுத்தலாகாது. கொஞ்சம் கொஞ்சமாக அடிக்கடி வைக்க வேண்டும். தோள்மேல் தோலைக் கிள்ளி விட்டால் அது உடனே படியாமல் மேடாகவே நிற்பதும், ஈறு உலர்ந்து பிசுபிசுப்பதும் உடலில் நீர் வற்றிய அடையாளங்கள். வாந்தி இருந்தால் சில மணி நேரம் ஆகாரத்தை நிறுத்திப் பார்க்கலாம். ஆனால் குட்டிகளைப் பட்டினி போடுவது கூடாது. இரத்தத்திலுள்ள சர்க்கரை விரைவில் குறைந்து அவை மயங்கிவிடும்.

பிறகு குழைய வடித்த சோறும், தோலும் கொழுப்பும் நீக்கி உப்பு, மசாலா, எண்ணெய் எதுவுமின்றி வேகவைத்த கோழி மாமிசமும் பிசைந்து கொடுக்க வேண்டும். இருபது கிலோ எடையுள்ள நாய்க்கு ஒரு நாளைக்கு 350 கிராம் சோறும் 150 கிராம் மாமிசமும் ஏறத்தாழப் போதும். முதல் நாள் அதில் பாதியே கொடுத்து, நாலைந்து வேளைகளாகப் பகிர்வது நல்லது. மாமிசம் சமைக்காத வீடுகளில் வேகவைத்த முட்டை வைக்கலாம். அவித்த பரங்கிக்காய் ஒரு கரண்டி சேர்த்தால் மலம் கட்டிப்படும். மலம் சீரானபின், பழைய ஆகாரத்தை நாளுக்கு நாள் சிறிது சிறிதாகக் கலந்து ஒரு வாரத்தில் முழுமையாக மாற்றலாம். இரண்டு மூன்று நாளில் குணம் தெரியாவிட்டால் வைத்தியரைக் காண வேண்டும். இப்பத்தியத்தையே மாதக்கணக்கில் நீட்டுவதும் தவறு. இதில் சுண்ணாம்புச் சத்து போதாது, எலும்பு பலவீனப்படும்.

நாய் மாமிச பட்சிணியாயிற்றே, சோறு செரிக்குமா என்று சிலர் ஐயுறுவர். ஓநாய்க்கும் நாய்க்கும் உள்ள வேறுபாட்டை ஆராய்ந்து 2013-இல் வெளியான முடிவொன்று இதற்கு விடை கூறுகிறது. மாவுப் பொருளைச் செரிக்கும் அமிலேஸ் என்ற பொருளை உண்டாக்கும் மரபணு ஓநாயில் இரண்டு பிரதிகளே இருக்க, நாய்களில் நான்கு முதல் முப்பது வரை காணப்பட்டது. மனிதனோடு கூடி வாழ்ந்து சோறுண்ணப் பழகிய பிராணி அது. பால் விஷயம் வேறு. தாய்ப்பால் மறந்த நாய்களில் பலவற்றிற்குப் பாற்சர்க்கரை செரிப்பதில்லை. தயிரில் அது குறைவாதலால் பொறுத்துக் கொள்ளும் நாய்கள் உண்டு. என்றாலும் தயிர்ச்சோறு ஒன்றையே போட்டு வளர்த்த நாய் விலா எலும்பு தெரிய நிற்பதைக் கண்டு, ஜாதி அப்படி என்று சொல்வது பொருந்தாது; சதை வளர்க்கும் புரதம் அதற்குப் போதவில்லை.

வெங்காயமும் பூண்டும் இரத்தத்தின் சிவப்பணுக்களைச் சிதைப்பன. ஆகவே குழம்பு ஊற்றிய சோறு நாய்க்கு ஆகாது. உலர்ந்த திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும். வெந்த எலும்பு கூர்மையாகப் பிளந்து குடலைக் குத்தும். கொழுப்பு மிகுந்த மாமிசம் கணையத்தை வீங்கச் செய்யும். பண்டிகைக்கு மறுநாள் முதுகை வளைத்துக் கொண்டு வலியால் முனகும் நாய்களில் இதைச் சந்தேகிக்கலாம்.

மாதக்கணக்கில் விட்டு விட்டுக் கழியும் நாய்க்கு முதலில் மலத்தைப் பரிசோதித்துப் புழு உண்டா என்று அறிய வேண்டும். பசியடங்காது தின்றும் மெலிந்து, வெளிறிய கொழுப்பு மலத்தைக் குவியலாகப் போடுவது, கணையத்தின் செரிப்பு நீர் குறைந்ததற்கு அறிகுறி. ஏதேனும் ஒரு புரதம் ஒவ்வாமற் போவதும் உண்டு. அவ்வாறாயின் அது முன் உண்டிராத மாமிசம் ஒன்றும் மாவுப் பொருள் ஒன்றும் மட்டும் எட்டு வாரம் கொடுத்துப் பார்ப்பர். இடையில் பிள்ளைகள் எறியும் ஒரு பிஸ்கோத்து அத்தனை நாள் உழைப்பையும் வீணாக்கிவிடும்.

கிடை வைத்திருப்போர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். செத்த ஆட்டின் ஈரல், நுரையீரல், தலை இவற்றைப் பச்சையாக நாய்க்கு எறிவது பல இடங்களில் வழக்கமாக இருக்கிறது. அவற்றிலுள்ள நீர்க்கட்டிகளிலிருந்து நாயின் குடலில் நாடாப்புழுக்கள் வளர்கின்றன. நாய் பெரும்பாலும் நோயுற்றதாகவே தோன்றாது. ஆனால் அதன் மலத்தோடு விழும் முட்டைகள் மேய்ச்சல் நிலத்தில் பரவி, ஆட்டின் மூளையிற் கட்டி கட்டி அதை ஒரே பக்கமாகச் சுற்றித் தள்ளாடச் செய்கின்றன. மற்றொரு வகைப் புழுவின் முட்டைகள் மேய்ப்பவரின் ஈரலிலும் நுரையீரலிலும் கட்டிகளை உண்டாக்குகின்றன. ஆகையால் அத்தகைய உறுப்புகளை ஆழப் புதைக்கவோ எரிக்கவோ வேண்டும். கிடை நாய்க்கு மூன்று மாதத்திற்கு ஒரு முறையேனும் பிராசிக்வாண்டெல் அடங்கிய புழு மருந்தை எடைக்கேற்பக் கொடுத்து, மருந்து கொடுத்தபின் இரண்டு நாட்கள் அதைக் கட்டி வைத்து, மலத்தைச் சேகரித்துப் புதைத்துவிட வேண்டும்.