மூழ்கியவர் யார்?

பாறை ஓவியத்தில் தொடங்கி நவீன ஓவியம் வரை வந்து, வழியில் சிற்பக் கலையையும் பார்த்து முடிக்க எவ்வளவு நேரம் பிடிக்கும்? அண்ணா பல்கலைக்கழகப் பாடத்திட்டப்படி மூன்று பீரியட். பொறியியல் முதல் செமஸ்டரில் இருக்கும் ‘தமிழர் மரபு’ தாளின் இரண்டாவது யூனிட் அது. மொத்தம் 5 யூனிட், 15 பீரியட், ஒரே ஒரு கிரெடிட். அடுத்த செமஸ்டரில் ‘தமிழரும் தொழில்நுட்பமும்’ என்ற தாள் இதே அளவில் வருகிறது. பக்கத்திலேயே நிற்கும் கணக்குத் தாளுக்கு 4 கிரெடிட். எதற்கு ராத்திரி கண்விழிக்க வேண்டும் என்று மாணவருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

பொறியியல் படிப்பவருக்கு வரலாறும் சமூகவியலும் வேண்டும் என்ற எண்ணம் புதிதல்ல. முதல் ஐஐடி 1951இல் கரக்பூரில் தொடங்கியது பழைய ஹிஜ்லி தடுப்புக் காவல் முகாமில். சுதந்திரப் போராட்டக்காரர்களை அடைத்து வைத்திருந்த இடம். 1931இல் போலீஸ் சுட்டதில் அங்கே இரண்டு கைதிகள் இறந்தார்கள். வரலாற்றை ஒதுக்கிவிட்டு வகுப்புக்குள் நுழையவே முடியாத கட்டடம்! ஐஐடிகளில் மானுடப் புலங்கள், சமூக அறிவியல் துறைகள் இருக்கின்றன, பி.டெக். மாணவர்கள் அவற்றில் சில தாள்களையாவது எடுத்தாக வேண்டும். பொறியியல் கல்வியை ஒழுங்குபடுத்தும் ஏஐசிடிஇ 2018இல் வெளியிட்ட மாதிரிப் பாடத்திட்டம் இந்திய அரசியலமைப்பையும் இந்திய மரபறிவையும் கட்டாயமாக்கியது. ஆனால், கிரெடிட் இல்லாமல்.

ஆக, தாள்களுக்குக் குறைவில்லை. எதைக் கையில் எடுத்துக்கொண்டு வகுப்புக்குள் போவது என்பதில்தான் சிக்கல். அரசர் பெயரும் ஆண்டும் ஒப்பித்தால் பின் பெஞ்ச் தூங்கிவிடும். பொறியியல் மாணவருக்குப் பிடிபடும் ஒரு பொருளில் ஆரம்பித்தால் கதை வேறு. அப்படி ஒன்று சிலபஸிலேயே இருக்கிறது: சோழர் காலக் குமிழித் தூம்பு.

ஏரிக்குள், கரையிலிருந்து சற்றுத் தள்ளி, இரண்டு கல் தூண்கள் நிற்கும். நடுவே குறுக்குக் கற்கள். தூண்களுக்குக் கீழே, ஏரித் தரையில் ஒரு கல்தொட்டி. அதன் மேல்மூடியில் உள்ள ஓட்டை நீரோடித் துளை. அதை ஒரு கல் அடைத்துக்கொண்டிருக்கும். தொட்டியின் பக்கவாட்டில், தரையை ஒட்டினாற்போல் இருக்கும் சின்னத் துளைகள் சேறோடித் துளைகள். அடைப்பைத் தூக்கினால் நீர் மேலிருந்து பாய்ந்து இறங்கும். அந்த வேகத்தில் அடியில் படிந்த வண்டலும் பக்கத் துளை வழியே இழுபட்டு, கரைக்கு அடியில் ஓடும் சுருங்கை வழியாக வயலுக்குப் போய்விடும். பாசனமும் தூர்வாரலும் ஒரே அசைவில். திரவ இயக்கவியல் படித்த மாணவர் இதன் படத்தைக் கரும்பலகையில் பார்த்தால் தானாகவே நிமிர்ந்து உட்காருவார்.

பெரும்பாலான வகுப்புகள் இங்கே கைதட்டிவிட்டுக் கலைந்துவிடுகின்றன. இந்தத் தாள்களின் போக்கும் பெருமிதத்தை நோக்கித்தான். பெருமைப்பட வேண்டிய பொருள்தான், சந்தேகமில்லை. ஆனால் சமூகவியல் தொடங்குவது அடுத்த கேள்வியில்: ஏரி ததும்பி நிற்கும் நாளில், நீந்திப் போய், தூண்களுக்கு நடுவே முங்கி அந்த அடைப்புக் கல்லைத் தூக்கியவர் யார்?

தூம்பு செய்து கொடுத்தவர் பெயர் பல இடங்களில் கல்வெட்டாகவே இருக்கிறது. முங்கியவர் பெயரைத் தேடினால் கிடைப்பது அரிது. ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்துக் கண்மாய்களை நெடுங்காலம் ஆராய்ந்த மானிடவியலாளர் டேவிட் மோஸ் 2003இல் ‘தி ரூல் ஆஃப் வாட்டர்’ என்ற நூலை வெளியிட்டார். கண்மாய் என்பது நீர்த்தேக்கம் மட்டுமல்ல, யாருக்கு முதல் மரியாதை, யாருக்கு எடுபிடி வேலை என்று ஊர் தீர்மானிக்கும் இடமும் அதுவே என்பதை அதில் விரிவாகக் காட்டுகிறார். மடை திறந்து வயலுக்கு நீர் பாய்ச்சும் வேலை அந்தப் பகுதியில் பெரும்பாலும் ஒடுக்கப்பட்ட சாதியினர் தலையில்தான். ஒரே கல்தொட்டி, நீரின் ஓட்டத்துக்கு ஒரு விதி, மனிதரின் வரிசைக்கு இன்னொரு விதி.

இதைச் சொன்னதும் “இதெல்லாம் பழைய கதை சார்” என்று ஒரு குரல் வரும். வரட்டும். அப்போது ஏரியை விட்டுத் தெருவுக்கு வந்துவிடலாம்.

பாதாளச் சாக்கடைக்கு மேன்ஹோல் வைத்து வரைபடம் போடுபவர் சிவில் இன்ஜினியர். இறங்குகிறவர் யார் என்பது வரைபடத்தில் இருக்காது. மனிதக் கழிவை மனிதர் அள்ளுவதைத் தடை செய்த 1993ஆம் ஆண்டுச் சட்டத்தின் கண் உலர் கழிப்பிடங்கள் மீதுதான் இருந்தது. பாதுகாப்புக் கருவி இல்லாமல் சாக்கடைக்குள்ளும் செப்டிக் டேங்குக்குள்ளும் ஆளை இறக்குவது குற்றம் என்று தெளிவாகச் சொல்ல 2013 வரை ஆயிற்று. சாக்கடையில் இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் என்று 2014இல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023இல் அதை 30 லட்சமாக்கியது. தொகை ஏறியிருக்கிறது, இறங்குவதும் நிற்கவில்லை. சென்னை ஐஐடியில் உருவான ‘ஹோமோசெப்’ கருவி செப்டிக் டேங்குக்குள் மனிதருக்குப் பதிலாக இறங்கும் எந்திரம். அதை வடிவமைக்கிறவர், இத்தனை காலம் இறங்கியவர்கள் ஏன் ஒருசில சாதிகளைச் சேர்ந்தவர்களாகவே இருந்தார்கள் என்று கேட்காமல் வேலையைத் தொடங்க முடியாது.

பொறியியல் என்ற தொழிலுக்கே இந்தக் கேள்வியைத் திருப்பலாம். 1794இல் கிழக்கிந்தியக் கம்பெனி சென்னையில் தொடங்கிய நில அளவைப் பள்ளிதான் பிற்பாடு கிண்டி பொறியியல் கல்லூரி ஆனது. கல் தச்சரும் கொல்லரும் கைவழியாக வைத்திருந்த அறிவு, காலனியாட்சியில் பரீட்சை எழுதித் தேறுகிறவர்களின் சொத்தாக மாறியது. இந்த மாற்றத்தில் தொடங்கி இன்றைய சென்னை ஐஐடி வரை ‘தகுதி’ என்ற சொல்லின் பின்னால் சாதி எப்படி மறைந்து நிற்கிறது என்பதை 2019இல் வெளியான ‘தி காஸ்ட் ஆஃப் மெரிட்’ நூலில் அஜந்தா சுப்பிரமணியன் எழுதியிருக்கிறார். வகுப்பில் சூடு பறக்கும் விவாதம் வேண்டுமென்றால் இதில் ஓர் அத்தியாயம் போதும்.

காஞ்சிபுரம், செங்கல்பட்டு மாவட்டங்களில் பொறியியல் கல்லூரிகளுக்கும் பஞ்சமில்லை, ஏரிகளுக்கும் பஞ்சமில்லை. பேருந்தில் ஏறினால் இரண்டாவது நிறுத்தத்தில் ஒரு மடை இருக்கும். அளவு நாடாவோடு போய் மடையை அளந்து, கரையில் உட்கார்ந்திருக்கும் பெரியவரிடம் “தாத்தா, அந்தக் காலத்துல இதை யாரு திறப்பாங்க?” என்று கேட்டு, அவர் சொல்வதையும் சொல்லத் தயங்குவதையும் குறித்துக்கொண்டு திரும்ப அரை நாள் ஆகும். பீரியட் கணக்கில் பார்த்தால், ஒரு யூனிட் முழுக்க அதிலேயே போய்விடும்.