காட்சிச் சாளரத்துத் தூசி

டிஜிட்டல் கமராவைக் கண்ணருகே பிடித்து நோக்குவோர், வானத்தின் வெண்பரப்பிற் கரும்புள்ளியொன்று நிலைத்து நிற்கக் கண்டு சில வேளை திடுக்கிடுவர். கமராவை எப்பக்கம் திருப்பினும் புள்ளி உடன்வரும். வில்லையின் முகத்தைத் துடைத்தாலும் அது நீங்காது. பெருவிலை கொடுத்து வாங்கிய கருவி பழுதுற்றதே என்று கலங்கி, உடனே துணியை எடுத்து உள்ளே துடைக்க முற்படுவது பலரது இயல்பு. உண்மையிற் கருவி பழுதுறுவது அத்துணியினாலேயாம். அதற்கு முன் அங்கிருந்த புள்ளியோ எப்படத்தையும் கெடுக்க வல்லதன்று. இஃது எங்ஙனம் என்பதை விளங்குதற்கு, ஒளி கமராவினுட் செல்லும் வழியை முதலில் அறிதல் வேண்டும்.

ஈண்டு யாம் கருதுவது, வில்லையைக் கழற்றி மாற்றத்தக்கதும் உள்ளே ஆடி பொருந்தியதுமான கமராவையே. வில்லையூடாகப் புகும் ஒளி, அதன் பின்னே 45 பாகை சரிந்து நிற்கும் ஆடியிற் பட்டு மேனோக்கித் தெறிக்கும். மேலே மங்கலான திரையொன்று உண்டு. விம்பம் அதன்மேல் விழும். திரைக்கு மேலுள்ள ஐங்கோண அரியம் அவ்விம்பத்தின் இடவல மாற்றத்தைத் திருத்திக் கண்வில்லைக்கு அனுப்பும். விலை குறைந்த கருவிகளில் அரியத்தின் வேலையைச் சில ஆடிகளே செய்வதுமுண்டு. இவ்வமைப்பு டிஜிட்டல் காலத்திற் பிறந்ததன்று. ஜேர்மனியின் திரெஸ்டன் நகரிலிருந்து 1936இல் வெளிவந்த கினே எக்சக்டா, 35 மில்லிமீற்றர்ப் படச்சுருளுக்கு ஆடிமுறையைக் கையாண்டது. அதனை மேலிருந்து குனிந்தே நோக்குதல் வேண்டும். அந்நகரிலேயே ஆக்கப்பெற்று 1949இல் வெளிவந்த கொன்டக்ஸ் எஸ், ஐங்கோண அரியத்தைக் கொண்டு கண்மட்டத்தில் நோக்க வழி செய்தது. 1991இல் கொடக் நிறுவனம் நிக்கொன் எப் 3 என்னும் கமராவில் டிஜிட்டல் உணரியைப் பொருத்தி விற்பனைக்கு விட்டபோது, மாறியது படச்சுருள் இருந்த இடமேயன்றிக் காட்சிச் சாளரமன்று.

படமெடுக்கும் பொத்தானை அழுத்தியவுடன் ஆடி மேலெழுந்து திரையை மூடிக்கொள்ளும். அக்கணத்தில் ஒளி நேரே பின்சென்று உணரியை அடையும். ஆகவே கண் காணும் வழி ஒன்று. படம் பதியும் வழி வேறொன்று. திரையிற் படிந்த தூசி முதல் வழியில் மட்டுமே நிற்பதாற் படத்தில் வாராது. உணரியிற் படிந்த தூசி இரண்டாம் வழியில் மட்டுமே நிற்பதாற் கண்ணுக்குத் தோன்றாது. கண்ணுக்குத் தெரியும் தூசி தீங்கற்றதாகவும், தீங்கு செய்யும் தூசி கண்ணுக்குத் தெரியாததாகவும் இருத்தல் இக்கருவியின் விந்தையாம்.

திரையின் தூசி இத்துணைத் தெளிவாகத் தோன்றுவது ஏன்? கண்வில்லை திரையின் தளத்தையே கூர்மையாகக் காட்டுமாறு அமைக்கப்பட்டுள்ளது. விம்பத்துக்குச் செய்யும் அவ்வுபகாரத்தை அது தூசிக்கும் செய்கின்றது. ஆடியிலுள்ள தூசி அத்தளத்துக்கு அப்பாற்பட்டதாதலிற் கரைந்து மறையும்.

உணரியின் நிலை சற்று வேறானது. படச்சுருள் ஒவ்வொரு படத்துக்கும் புதிதாக வந்து நிற்கும். உணரியோ ஆண்டாண்டாக ஒன்றே. தூசி படிவதும் உணரியின்மேலன்று, அதன்முன் உள்ள கண்ணாடித் தகட்டின்மேலாம். தகட்டின் மேற்பரப்புக்கும் உணரிக்கும் இடைத்தூரம் 1 மில்லிமீற்றர் எனக் கொள்வோம். துவார எண் 2 ஆயின், உணரியின் ஒரு புள்ளியை நோக்கிக் குவியும் ஒளிக்கூம்பு அப்பரப்பைக் கடக்குமிடத்தில் 0.5 மில்லிமீற்றர் அகலமுடையது; துவார எண் 22 ஆயின் ஏறத்தாழ 0.045 மில்லிமீற்றரே. 0.05 மில்லிமீற்றர் விட்டமுள்ள துணிக்கையொன்று முன்னையதில் நூறிலொரு பங்கு ஒளியை மறைக்கும். பின்னையதிற் கூம்பு முழுவதையும் மறைத்துவிடும். கண்ணாடியின் முறிவையும் சேர்த்தால் எண்கள் சற்று மாறும், முடிபு மாறாது. எனவே உணரியின் தூசியைக் கண்டறிய விரும்புவோர், துவார எண்ணை 22இல் வைத்துத் தெளிந்த வானத்தைப் படமெடுத்துப் பெருப்பித்துப் பார்ப்பாராக. விம்பம் உணரியிலே தலைகீழாக விழுதலால், படத்தின் மேற்பாகத்துப் புள்ளிக்குரிய தூசி உணரியின் கீழ்ப்பாகத்தில் இருக்கும்.

இனி நீக்கும் முறை. கண்வில்லையின் வெளிப்புறத்தை மென்துணியால் முதலிலே துடைத்துப் பார்த்தல் நன்று. பல வேளை காரியம் அவ்வளவில் முடியும். முடியாவிடின் வில்லையைக் கழற்றிக் கமராவின் வாயைக் கீழ்நோக்கிப் பிடித்து, கையால் அமுக்கும் இறப்பர்க் குமிழினால் திரையை மெதுவாக ஊதுக. வாயால் ஊதினால் உமிழ்நீர் தெறிக்கும். தகரக் கலத்தில் அடைத்து விற்கப்படும் வாயு சில வேளை திரவமாகவே பீறிட்டுக் கறை செய்யும். குமிழாயினும் வன்மையாக ஊதலாகாது. திரையின் கீழிருந்த தூசி ஓர இடைவெளியூடாக மேலேறி, அரியத்துக்கும் திரைக்கும் நடுவே சென்று தங்கிவிடும்.

திரையை விரலாலோ துணியாலோ தீண்டாமைக்குக் காரணம் உண்டு. அது கண்ணாடி போலத் தோன்றினும் பெரும்பாலும் மென்பிளாத்திக்கினாலாயது. மயிரினும் நுண்ணிய வரைகள் அதன் முகத்தில் உள. விரலின் எண்ணெய் அவ்வரைகளிற் புகுந்தால் எளிதில் வெளிவராது. மதுசாரமோ பிளாத்திக்கையே கெடுக்கக்கூடும். ஆடியும் அத்தன்மையதே. வீட்டுக் கண்ணாடியின் உலோகப் பூச்சு கண்ணாடிக்குப் பின்னே பாதுகாப்பாக இருக்கும். கமரா ஆடியின் பூச்சு முன்முகத்திலேயே உள்ளது. அதில் விழுந்த கீறல் மீளாது. ஆடியறையின் அடியிலே தானாகக் குவியப்படுத்தும் உறுப்பும் உண்டு. வீணே கிளறிவிடப்பட்ட தூசி அங்கு இறங்கினாற் குவியம் பிழைக்கவும் கூடும். இரண்டு மூன்று முறை ஊதியும் போகாத தூசியை இருந்தபடியே விடுதல் அறிவுடைமை என்பது எமது துணிபு.

ஆயினும் புள்ளி கிளைவிட்டுச் சிலந்தி வலை போற் படருமாயின் அது தூசியன்று, பூஞ்சணம். ஈரலிப்பு மிகுந்த இடங்களில் அது அரியத்தையும் வில்லைப் பூச்சையும் அரிக்கும். அதனைத் திருத்துவோரிடம் தாமதியாது கொடுத்தல் வேண்டும்.

உணரித் தூசியைக் கமரா தானே உதறும் ஏற்பாட்டை 2003இல் ஒலிம்பஸ் இ 1 கொணர்ந்தது. உணரியின் முன்னுள்ள தகட்டைக் கழியொலி அதிர்வால் நடுங்கச் செய்வதே அது. எனினும் தொல்லை தீர்ந்ததில்லை. 2012இல் வெளிவந்த நிக்கொன் டி 600இன் உணரியிற் புள்ளிகள் மிகுவதாக முறைப்பாடுகள் எழ, அந்நிறுவனம் 2014இல் மூடியுறுப்பை இலவசமாக மாற்றிக்கொடுக்க முன்வந்தது.

ஆடியும் அரியமும் அற்ற கமராக்கள் 2008இல் வந்த பனசொனிக் ஜி 1 முதலாகப் பெருகியுள்ளன. அவற்றிலே கண் காண்பது, உணரி கண்டதைக் காட்டும் ஒரு சிறு மின்திரையை. ஆதலின் மேற்கூறிய இருவழி வேறுபாடு அங்கு மறைகின்றது. சோதிக்கும் முறையும் மாறும். சாளரத்திற் கண்ட புள்ளி எடுத்த படத்திலும் இருந்தால் அது பெரும்பாலும் உணரித் தூசி. படத்தில் இன்றிச் சாளரத்தில் மட்டும் நின்றால், கண்வில்லைக்கும் மின்திரைக்கும் இடையே அடைபட்ட தூசி. பின்னையதைக் கருவியைப் பிரித்தாலன்றி எட்ட முடியாது. வாங்கிய புதிதிற் கண்டால் விற்றவரிடமே காட்டி மாற்றிக்கொள்ளலாம்.