மகரக்கட்டு உடைந்த பிறகு...

நம் வீட்டுப் பெண்களின் மேஜைக்கு மேலே இப்போது யார் படம் ஒட்டியிருக்கிறது, கவனித்தீர்களா? கொரியா தேசத்துப் பையன்கள் ஏழு பேர்! பி.டி.எஸ். என்று பெயர். 2022-ல் அவர்கள் குழுவாகப் பாடுவதைச் சற்று நிறுத்தி, தனித்தனியே பாடக் கிளம்பினார்கள். பிறகு ஒருவர் பின் ஒருவராகப் பட்டாளத்துக்கும் போனார்கள். யார் எப்போது திரும்புவார், யாருடைய தனிப் பாட்டு எப்போது வெளிவரும் என்று விரல்விட்டு எண்ணிக்கொண்டிருந்தார்கள் நம் பெண்கள்.

"இதென்ன பைத்தியம்!" என்று தலையில் அடித்துக்கொள்ளும் பாட்டிமார்களே, சற்றுப் பொறுங்கள். உங்களுக்கு முந்திய தலைமுறையும் இதே பைத்தியத்தில்தான் இருந்தது. பையன்கள் மட்டும் வேறு, அவ்வளவுதான்.

அந்தப் பையன்களுக்குப் 'பாய்ஸ் கம்பெனிப் பிள்ளைகள்' என்று பெயர். சுமார் நூறு ஆண்டுகளுக்கு முன்னால் தமிழ்நாட்டில் சிறுவர்களே நடிக்கும் நாடகக் கம்பெனிகள் ஊர் ஊராகச் சென்று கொட்டகை போட்டன. ராஜபார்ட்டும் பையன்தான், ஸ்திரீபார்ட்டும் பையன்தான். மீசை முளைக்காத அருச்சுனன், மீசை முளைக்காத சுபத்திரையை மணந்துகொள்வான்!

இந்தப் பிள்ளைகளை உருவாக்கிய பெரிய வாத்தியார் நம் ஊர் மண்ணில்தான் உறங்குகிறார். சங்கரதாஸ் சுவாமிகள் 1867-ல் தூத்துக்குடிப் பக்கத்துக் காட்டுநாயக்கன்பட்டியில் பிறந்தவர். 40-க்கும் மேற்பட்ட நாடகங்களை எழுதியவர். 1918-ல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபை என்ற சிறுவர் கம்பெனிக்கு ஆசிரியரானார். சின்னஞ்சிறு டி. கே. சண்முகத்துக்காகவே 'அபிமன்யு சுந்தரி' நாடகத்தை ஒரே இரவில் எழுதி முடித்தார் என்பார்கள். கடைசிக் காலத்தில் பக்கவாதம் வந்து அவர் பேச்சையே பறித்துக்கொண்டது. 1922 நவம்பர் 13-ஆம் தேதி, பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரியில் அவர் காலமானார். சண்முகத்துக்கு அப்போது பத்து வயது.

வாத்தியார் போய்விட்டார். பிள்ளைகள் என்ன ஆனார்கள்?

இதைச் சொல்வதற்கு முன் ஒரு சங்கதி. பாய்ஸ் கம்பெனிப் பையனுக்குப் பெரிய எதிரி மேடையில் வரும் அசுரன் அல்ல, அவன் தொண்டைதான்! பதின்மூன்று, பதினான்கு வயதில் குரல் மாறும். இதை 'மகரக்கட்டு' என்பார்கள். ஒலிபெருக்கி இல்லாத காலம். கடைசி வரிசை வரைக்கும் கணீரென்று எட்ட வேண்டிய குரல், ஒருநாள் உடைந்து கரகரத்துப் போகும். நேற்றுவரை ஊரே கொண்டாடிய ராஜபார்ட், இன்று யாருக்கும் வேண்டாதவன்!

எஸ். ஜி. கிட்டப்பா அதிர்ஷ்டசாலி. சிறுவனாகச் சுவாமிகளிடம் இருந்த அந்தச் செங்கோட்டைப் பிள்ளையின் குரல், வளர்ந்த பிறகும் உச்ச ஸ்தாயியை விட்டு இறங்கவில்லை. ஆயுள்தான் குறைவு. கே. பி. சுந்தராம்பாளை மணந்து, இருவரும் ஜோடியாக மேடையை ஆண்டார்கள்; 1933-ல் 27 வயதில் அவர் மறைந்தார்.

புதுக்கோட்டை பி. யூ. சின்னப்பாவின் கதை வேறு. மதுரை ஒரிஜினல் பாய்ஸ் கம்பெனியில் ஜொலித்த நட்சத்திரம் அவர். மகரக்கட்டில் அவர் குரல் உடைந்தது. கம்பெனி வாழ்வும் முடிந்தது. சின்னப்பா சோர்ந்து உட்காரவில்லை. சிலம்பம் பழகினார், உடற்பயிற்சி செய்தார், சங்கீதத்தைப் புதிதாகக் கற்றார். குரல் திரும்பியது! 1940-ல் 'உத்தம புத்திரன்' படத்தில் இரட்டை வேடம். 1942-ல் 'கண்ணகி'யில் கோவலன். 1951-ல் இறந்தபோது அவருக்கு வயது 35.

அதே மதுரைக் கம்பெனியில் ஏழு வயதில் சேர்ந்த இன்னொரு பையன் இருந்தான். தகப்பன் இல்லாத பிள்ளை. வீட்டு வறுமை தாங்காமல் தாயார் அவனையும் அண்ணனையும் கம்பெனிக்கு அனுப்பிவைத்தார். 1936-ல் 'சதி லீலாவதி'யில் சின்ன வேடம் கிடைத்தது. கதாநாயகனாக ஆவதற்கு 1947-ல் 'ராஜகுமாரி' வரும்வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 1977-ல் அவர் தமிழ்நாட்டின் முதலமைச்சர்! எம்.ஜி.ஆர். என்று நான் சொல்லித்தானா தெரிய வேண்டும்?

சிவாஜி கணேசனும் பாய்ஸ் கம்பெனிப் பிள்ளைதான்; கட்டிய முதல் வேஷம் சீதை! 1958-ல் அவரும் ஓர் 'உத்தம புத்திர'னில் இரட்டை வேடம் போட்டார். ஒரே பெயரில் இரண்டு படங்கள். இரண்டிலும் பாய்ஸ் கம்பெனிப் பையன்! எம். என். நம்பியார் நவாப் ராஜமாணிக்கத்தின் கம்பெனியில் வளர்ந்தவர். சண்முகமும் அவர் சகோதரர்களும் 1925-ல் சொந்தக் கம்பெனி தொடங்கினார்கள். என். எஸ். கிருஷ்ணன், எஸ். வி. சகஸ்ரநாமம், எஸ். எஸ். ராஜேந்திரன் என்று அங்கிருந்து புறப்பட்டவர்கள் பலர். சண்முகம் அவ்வைப் பாட்டியாகவே மேடையேறி, 'அவ்வை' சண்முகம் ஆனார். சென்னையில் ஒரு சாலைக்கு இன்றும் அவர் பெயர். அவர் குழுவில் நடித்த சிறுவன் கமல்ஹாசன், 1996-ல் தம் படத்துக்கு 'அவ்வை சண்முகி' என்று பெயர் வைத்தார். சுவாமிகள் ஏற்றிய விளக்கு எத்தனை கை மாறி வந்திருக்கிறது, பாருங்கள்!

ஆனால் ஒன்று. இதுவரை சொன்னவர்கள் எல்லோரும் ஜெயித்தவர்கள். ஒரு கம்பெனி என்றால் பாட்டுக்கு, கூட்டத்துக்கு, தோழி வேஷத்துக்கு என்று பத்துக் கணக்கில் பிள்ளைகள் இருப்பார்கள். பெரும்பாலும் ஏழை வீட்டுக் குழந்தைகள். சாப்பாடு கிடைக்குமே என்று அனுப்பப்பட்டவர்கள். பள்ளிக்கூடம் கிடையாது, பாடம் தப்பினால் வாத்தியாரின் பிரம்பு உண்டு, இரவெல்லாம் கண்விழிப்பு உண்டு. குரல் உடைந்ததும் அவர்களில் எத்தனையோ பேர், எழுத்தும் தொழிலும் தெரியாமல் ஊர் திரும்பினார்கள். அவர்களுடைய பெயரை எந்த ரசிகையும் எழுதி வைக்கவில்லை.

ரசிகையின் அன்பு சாமானியமானதல்ல. கைதட்டல் நின்ற பிறகும் "அந்தப் பிள்ளை எப்படி இருக்கிறானோ?" என்று விசாரிப்பவள் அவள்தான். அந்த விசாரிப்பு முன்வரிசைப் பையனோடு நின்றுவிடாமல், பின்வரிசைப் பையன் வரைக்கும் போனால் எவ்வளவு நன்றாயிருக்கும்! இன்று தொலைக்காட்சிப் போட்டியில் பாடும் பத்து வயதுக் குழந்தைக்கும் நாம் கை தட்டுகிறோம். அந்தக் குழந்தை பள்ளிக்கூடம் போகிறதா, வேளையோடு தூங்குகிறதா என்றும் கேட்டு வைப்போமே!

சங்கரதாஸ் சுவாமிகளின் சமாதி கருவடிக்குப்பத்தில் இருக்கிறது. பாரதியாரின் குயில்தோப்பைப் பார்க்கப் போகிறவர்கள் இங்கேயும் எட்டிப் பார்த்து வரலாம். அவருடைய நினைவு நாளில் நாடகக் கலைஞர்கள் வந்து மாலையிடுகிறார்கள். நம் பல்கலைக்கழகத்தின் நிகழ்கலைப் பள்ளிக்கும் அவர் பெயரே. மாலை சாற்றப் போகிறவர்கள், பெயர் தெரியாத அந்தப் பிள்ளைகளுக்காகவும் ஒரு பூவைச் சேர்த்து வைக்கட்டும்.