கருவில் நேரும் மூளை அழற்சியும் மதியிறுக்கமும்

நெய்யாறு கடலோடு கலக்கும் பூவாரிலிருந்து பாறசாலை வழியே செல்வோர் சிறிது தொலைவிலேயே மாநில எல்லையை அடைவர். எல்லைக்கு அப்பால் தமிழ்நாட்டில் தட்டம்மை-ருபெல்லா தடுப்பூசி இயக்கம் 2017 பிப்ரவரியில் தொடங்கிற்று. இப்பால் கேரளத்தில் அவ்வாண்டு அக்டோபரில் தொடங்கிற்று. ஒன்பது மாதம் முதல் பதினைந்து வயதிற்குட்பட்டோர்க்குப் பெரும்பாலும் பள்ளிகளிலேயே ஊசி இடப்பட்டமையின், பெற்றோர் ஐயங்களுக்கு விடை கூறும் பொறுப்பு ஆசிரியரையும் சார்ந்தது. இத்தகைய ஊசி மதியிறுக்கம் எனப்படும் ஆட்டிசத்தை உண்டாக்கும் என்பது உலகெங்கும் உலவிவரும் ஐயம்.

உண்மையோ இதற்கு நேர்மாறானது. ருபெல்லா தாய்க்கு ஓரிரு நாள் காய்ச்சலும் மெல்லிய தடிப்புமாகக் கழிந்துவிடும். பலர் அதனை அறிவதேயில்லை. ஆயின் கருவுற்ற முதல் மூன்று மாதங்களில் தொற்றுமாயின், வைரஸ் நச்சுக்கொடியைக் கடந்து கருவை அடைந்து, மூளையில் அழற்சியை விளைவித்து, நுண்ணிய இரத்தக் குழாய்களையும் சிதைக்கக்கூடும். இவ்வாறு பிறக்கும் குழந்தைகளின் கண்புரையை ஆஸ்திரேலிய மருத்துவர் நார்மன் கிரெக் 1941-இல் எடுத்துக்காட்டினார். 1964-ஆம் ஆண்டுக் கொள்ளைநோய்க்குப் பின் நியூயார்க்கில் ஸ்டெல்லா செஸ் இத்தகைய 243 குழந்தைகளை ஆராய்ந்து, பதினெண்மரிடம் முழுமையாகவோ ஓரளவோ மதியிறுக்கத்தைக் கண்டு 1971-இல் வெளியிட்டார். பொதுவான அளவினும் இது பன்மடங்கு மிகுதி.

அழற்சிக்கும் மதியிறுக்கத்திற்கும் உள்ள தொடர்பு இவ்வொரு நோயோடு நின்றுவிடவில்லை. மதியிறுக்கம் உடையோராயிருந்து இறந்த பதினொருவரின் மூளைத் திசுக்களை ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆய்வாளர் 2005-இல் ஆராய்ந்தபோது, மூளையின் காவல் அணுக்களாகிய மைக்ரோகிளியா, சிறுமூளையில் சிறப்பாக, கிளர்ச்சியுற்றிருந்தன. எனினும் அவ்வழற்சி காரணமோ விளைவோ என்பது இன்னும் தீராத வினா. மதியிறுக்கத்தில் மரபுக் கூறுகளின் பங்கே பெரிது. ஆதலின், அழற்சியைத் தணித்து மதியிறுக்கத்தைப் போக்குவதாக விற்கப்படும் மருந்துகளில் பணத்தைச் செலவிடுவது வீண்.

ஊசியைப் பற்றிய அச்சத்தைப் பரப்பியது 1998-இல் லண்டனில் வெளியான, பன்னிரண்டே குழந்தைகளைப் பற்றிய ஒரு கட்டுரை. அது 2010-இல் திரும்பப் பெறப்பட்டது. டென்மார்க்கில் ஆறரை லட்சத்திற்கும் மேற்பட்ட குழந்தைகளைத் தொடர்ந்து கவனித்து 2019-இல் வெளியான ஆய்வு, ஊசி பெற்றோரிடம் மதியிறுக்கம் மிகவில்லை எனக் காட்டிற்று.

களப்பணியாளர் கவனிக்கத்தக்கது ஒன்று: இவ்வூசியில் வலுவிழந்த, ஆனால் உயிருள்ள வைரஸ் இருத்தலின், கருவுற்ற தாய்க்கு அதனை இடலாகாது. தாய்க்குரிய காப்பு, அவள் சிறுமியாயிருந்தபோதே பெறவேண்டியது. குழந்தைக்கு 9 முதல் 12 மாதத்திற்குள் முதல் தவணையும், 16 முதல் 24 மாதத்திற்குள் இரண்டாம் தவணையும் இடப்படுகின்றன. வகுப்பில் ஒரு பிள்ளைக்குக் காய்ச்சலும் தடிப்பும் காணின், அதனை வீட்டிற்கு அனுப்புவதோடு, கருவுற்றிருக்கும் ஆசிரியைக்கும் உடனே அறிவித்து, மருத்துவரை நாடச் செய்தல் வேண்டும். தடிப்பு தோன்றுவதற்கு ஒரு வாரம் முன்பிருந்தே நோய் பரவக்கூடும்.