வட்டவடைக் கிழங்கின் மேல் விழுந்த பழி

"உருளைக்கிழங்கு வறுப்பதற்கும் ஒரு கட்டுரையா?" என்று மன்றத் தோழர்கள் சிலர் நகைக்கக்கூடும். நகைக்கட்டும். இக்கட்டுரை அடுப்படியில் தொடங்கினாலும், உண்மையில் ஒரு வழக்கைப் பற்றியது. எங்கள் வீட்டில் பல ஆண்டுகளாக வட்டவடைக் கிழங்கின்மீது ஒரு குற்றம் சாட்டப்பட்டிருந்தது. குற்றவாளி கிழங்கன்று என்று மெய்ப்பிக்க, நான் வேதியியலில் முதுநிலை வகுப்புக்கு வந்து சேர வேண்டியிருந்தது.

என் பாட்டனார் கோவில்பட்டிப் பக்கத்திலிருந்து தேயிலைத் தோட்ட வேலைக்காக மூணாற்றுக்கு வந்தவர். நான் பிறந்து வளர்ந்தது தோட்டத்து லயத்தில். அம்மா இன்றும் கொழுந்து பறிக்கிறார். அம்மாவின் தங்கையை, பாலக்காட்டு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறையில் மணம் முடித்துக் கொடுத்திருக்கிறார்கள். மலையில் அக்காள், சமவெளியில் தங்கை. இருவரும் ஒரே அடுப்படியில், ஒரே தாயிடம் சமையல் பழகியவர்கள்.

மூணாற்றுக்குக் கிழக்கே, தமிழகத்தின் எல்லையை ஒட்டியிருப்பது வட்டவடை. அங்குள்ள உழவர்கள் பெரும்பாலும் தமிழ் பேசுவோர். மலைச்சரிவைப் படிப்படியாக வெட்டி, உருளைக்கிழங்கும் கேரட்டும் முட்டைக்கோசும் வெள்ளைப்பூண்டும் விளைவிக்கிறார்கள். கார்த்திகை மாதத்தில் அம்மா அங்கிருந்து ஒரு மூட்டைக் கிழங்கு வாங்கி, பாதியைச் சித்திக்கு அனுப்பிவிடுவார்.

பொங்கல் வரும். இரு வீட்டிலும் கிழங்கு வறுபடும். சித்தி வறுத்தால் பொன்னிறம். கடித்தால் மொறுமொறுவென்ற ஓசை. அம்மா வறுத்தாலோ சட்டியில் போட்ட சிறிது நேரத்தில் கருத்துவிடும். கருகுகிறதே என்று எடுத்தால் உள்ளே வெந்திராது. ஆறியதும் துவண்டு போகும். நாவில் ஒரு கசப்பு. "வட்டவடைக் கிழங்கே மட்டம்" என்று அப்பா தீர்ப்புச் சொன்னார். "சித்தி வீட்டுக்குப் போனதும் இதே மூட்டைதானே?" என்று நான் கேட்டதற்கு, "அது எண்ணெயின் வாகு" என்றார். அம்மா எண்ணெயை மாற்றிப் பார்த்தார். சட்டியை மாற்றிப் பார்த்தார். பயனில்லை. முடிவில், "என் கைக்கு ராசியில்லை" என்று சொல்லி, பொங்கலுக்குக் கிழங்கு வறுப்பதையே நிறுத்திவிட்டார்.

ஒரே மூட்டை, ஒரே கைப்பக்குவம், விளைவு மட்டும் இரண்டு. சோதனைச்சாலையில் இப்படி நேர்ந்தால் என்ன செய்வோம்? வேறுபட்டது எது என்று தேடுவோம். இங்கே வேறுபட்டது இடம். மலைக்கும் சமவெளிக்கும் இடையே வேறுபட்டது குளிர்.

கிழங்கில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். எஞ்சியதில் பெரும்பகுதி மாச்சத்து. சர்க்கரை மிகச் சிறிதளவே உண்டு. ஆயினும் வறுவலின் நிறத்தை முடிவு செய்வது அச்சிறிதளவுதான். சூடான எண்ணெயில் குளுக்கோஸ், பிரக்டோஸ் ஆகிய சர்க்கரைகள் கிழங்கிலுள்ள அமினோ அமிலங்களோடு வினை புரிந்து, பழுப்பு நிறத்தையும் வறுபட்ட மணத்தையும் தருகின்றன. பிரெஞ்சு அறிஞர் லூயி கமில் மயார் 1912இல் இதனை எடுத்துரைத்ததால், இதற்கு மயார் வினை என்று பெயர். தோசையின் முறுகலுக்கும் இதில் பங்குண்டு. சர்க்கரை அளவோடு இருந்தால் பொன்னிறம். மிகுந்தால் கருமையும் கசப்பும்.

சரி, அம்மாவின் கிழங்கில் மட்டும் சர்க்கரை எப்படி மிகுந்தது? மண்ணிலிருந்து தோண்டிய பின்னரும் கிழங்கு உயிருள்ள பொருளே. அது மூச்சு விடுகிறது. குளிர் 8 அல்லது 10 பாகை செல்சியசுக்குக் கீழே இறங்கி, அந்நிலை நாள்கணக்கில் நீடித்தால், தன் மாச்சத்தின் ஒரு பகுதியை அது சர்க்கரையாக மாற்றிக்கொள்கிறது. முதலில் கரும்புச் சர்க்கரை வகையான சுக்ரோஸ் உண்டாகிறது. பின்னர் ஒரு நொதி அதனைக் குளுக்கோஸாகவும் பிரக்டோஸாகவும் பிளக்கிறது. மூணாற்றில் மார்கழி, தை மாத இரவுகளில் குளிர் சில நாள்கள் சுழியத்தையே தொட்டுவிடும். எங்கள் மூட்டை கிடந்ததோ, லயத்தில் சுவரும் தரையும் சில்லிட்டிருக்கும் வாசலோரம். கொழிஞ்சாம்பாறையில் அத்தகைய குளிர் எட்டியும் பார்ப்பதில்லை. ஆகவே சித்தியின் கிழங்கு மாச்சத்தாகவே இருந்தது. அம்மாவின் கிழங்கு இனித்துப்போயிருந்தது.

மூணாற்றுக் குளிரைப் பற்றி நமக்கென்ன என்று சமவெளித் தோழர்கள் எண்ண வேண்டா. வீட்டுக் குளிர்ப்பெட்டியும் ஒரு மூணாறுதான். வடநாட்டில் விளையும் கிழங்கில் பெரும்பகுதி, 2 முதல் 4 பாகை வரையுள்ள குளிர்பதனக் கிடங்குகளில் மாதக்கணக்கில் இருந்துவிட்டே கடைக்கு வருகிறது. அது முளைவிடாது, குழம்புக்கும் பொரியலுக்கும் குறையில்லை. வறுவலுக்குத்தான் ஆகாது. இக்குறையை அறிந்தே, சர்க்கரை குறைந்த 'குஃப்ரி சிப்சோனா' என்னும் வகைகளை நம் நாட்டு மத்திய உருளைக்கிழங்கு ஆராய்ச்சி நிறுவனத்தார் 1998இல் வெளியிட்டனர்.

இனி மொறுமொறுப்பைக் காண்போம். நிறம் வேறு, மொறுமொறுப்பு வேறு. இரண்டையும் ஒன்றென்று எண்ணியதே எங்கள் வீட்டில் நேர்ந்த பிழை. மொறுமொறுப்பு என்பது தண்ணீர் வெளியேறியதன் அடையாளம். 60, 70 பாகையில் மாச்சத்து நீரை உறிஞ்சிக் கூழாகிறது. எண்ணெயின் வெப்பத்தில் மேற்பரப்பிலுள்ள நீர் ஆவியாகிப் போகவே, அக்கூழ் உலர்ந்து கெட்டியான ஓடாகிறது. சட்டியில் எழும் குமிழிகளெல்லாம் கிழங்கைவிட்டுப் புறப்படும் நீராவிதான். இதற்கு நேரம் வேண்டும். சர்க்கரை மிகுந்த கிழங்கோ அந்த நேரத்தைத் தருவதில்லை. நீர் வெளியேறுமுன் கருத்துவிடுகிறது. அம்மாவின் சட்டியில் நிறம் முந்திக்கொண்டது, மொறுமொறுப்பு பிந்திவிட்டது. அவ்வளவே.

இந்த இரண்டையும் ஒத்து நடக்கச் செய்யும் முறையைச் சொல்கிறேன்.

முதலில், குளிரில் கிடந்த கிழங்கை இரண்டு மூன்று வாரம் 15 முதல் 20 பாகை வரையுள்ள, காற்றோட்டமான, இருட்டான இடத்தில் வைக்க வேண்டும். சேர்ந்த சர்க்கரையில் ஒரு பகுதியைக் கிழங்கு மூச்சில் செலவழித்துவிடும். ஒரு பகுதி மீண்டும் மாச்சத்தாகும். வெளிச்சம் பட்டால் தோல் பச்சையாகி நச்சுப்பொருள் சேரும்; அத்தகைய கிழங்கை ஒதுக்குக.

அடுத்து, மாச்சத்து மிகுந்த கிழங்காகத் தேர்ந்தெடுத்தல். 11 தம்ளர் தண்ணீரில் 1 தம்ளர் உப்பைக் கரைத்துக் கிழங்கை இடுக. மூழ்குவது மாச்சத்து மிக்கது, வறுவலுக்கு உகந்தது. மிதப்பதைக் குழம்புக்கு வைத்துக்கொள்ளலாம்.

பிறகு, சுண்டுவிரல் கனத்தில் நறுக்கி, தண்ணீர் தெளியும்வரை அலசி, ஒரு லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி வினிகரும் சிறிது உப்பும் சேர்த்து அரைவேக்காடாக வேகவிட வேண்டும். சர்க்கரை வெந்நீரில் இறங்கும். வினிகரின் புளிப்பு துண்டுகளைக் குழைந்துவிடாமல் காக்கும். பாலக்காட்டில் 8 நிமிடம் போதுமென்றால் மூணாற்றில் இன்னும் சிறிது நேரம் பிடிக்கும். ஏனெனில் அந்த உயரத்தில் தண்ணீர் ஏறத்தாழ 95 பாகையிலேயே கொதித்துவிடுகிறது. கடிகாரத்தை நம்பாது, கத்திமுனையால் குத்திப் பார்ப்பதே நன்று. வெந்ததை வடித்துத் துணியில் பரப்பி, ஈரம் போக ஆறவிடுக.

வறுப்பது இரு தடவை. முதல் தடவை எண்ணெய் 150 பாகை அளவில் இருந்தால் போதும். துண்டைப் போட்டால் குமிழிகள் நிதானமாக எழ வேண்டும். நிறம் மாறுமுன் 5, 6 நிமிடத்தில் எடுத்து அரைமணி நேரம் ஆறவிடுக. இரண்டாம் தடவை 175 பாகை. துண்டு விழுந்தவுடன் எண்ணெய் சடசடவென்று பொங்கும். பொன்னிறம் வந்ததும் எடுத்துவிடுக. சட்டி நிறைய அள்ளிப் போட்டால் எண்ணெய் குளிர்ந்துவிடும். சிறிது சிறிதாகவே போடுக. நாட்டுச் செக்குத் தேங்காயெண்ணெயானால் இந்த அளவிலேயே புகையத் தொடங்கும். புகை கண்டால் தணலைக் குறைக்கவும். எடுத்த கையோடு எண்ணெயை நன்றாக வடித்துவிட வேண்டும். நீராவி வெளியே வரும்வரை எண்ணெய் உள்ளே புகுவதில்லை; ஆறும்போதுதான் மேலே ஒட்டிய எண்ணெய் உள்ளே இழுக்கப்படுகிறது. உப்புத் தூவுவது கடைசியில்.

பொன்னிறத்தோடு நிறுத்தச் சொல்வது அழகுக்காக மட்டுமன்று. மாச்சத்துள்ள உணவை மிகுந்த வெப்பத்தில் வறுக்கும்போது அக்ரிலமைடு என்னும் பொருள் உண்டாகிறதென்று 2002இல் சுவீடன் நாட்டு ஆய்வாளர்கள் கண்டறிந்தனர். கிழங்கிலுள்ள அஸ்பராஜின் என்னும் அமினோ அமிலமும் சர்க்கரையும் சேர்ந்து அதனை உண்டாக்குகின்றன. விலங்குகளிடம் நடத்திய சோதனைகளில் அது புற்றுநோயை விளைவித்தது. கருமை ஏற ஏற அதன் அளவும் ஏறும். ஆகவே கருகிய துண்டைத் தின்னாமல் ஒதுக்குவது வீண்செலவாகாது.

சென்ற கார்த்திகையில் விடுமுறைக்குப் போனபோது, மூட்டையைப் பிரித்துப் பாதிக் கிழங்கை அடுப்புக்கு மேலுள்ள பரணில் சாக்கு மூடி வைத்துவிட்டு வந்தேன். மறுபாதி வழக்கம்போல் வாசலோரம். பொங்கலன்று இரண்டையும் தனித்தனியே வறுக்கச் சொன்னேன். அம்மா தயங்கித் தயங்கியே கரண்டியைக் கையில் எடுத்தார். வாசலோரத்துக் கிழங்கு பழையபடி கருத்தது. பரண் கிழங்கிலும் ஒன்றிரண்டு துண்டுகள் நுனியில் பழுப்பேறத்தான் செய்தன; மற்றவையெல்லாம் சித்தி வீட்டு நிறம், சித்தி வீட்டு ஓசை.

அப்பா இரண்டு தட்டுகளையும் மாற்றி மாற்றிப் பார்த்தார், ஒன்றும் பேசவில்லை. அம்மா ஒரு துண்டைக் கடித்துவிட்டு என்னைக் கேட்டார்: "அப்ப இத்தனை வருசமாக் கெடுத்தது குளிர்தானா? என் கை இல்லையா?"

"உன் கை இல்லை அம்மா. வட்டவடைக் கிழங்கும் இல்லை" என்றேன்.

வரும் கார்த்திகைக்கு ஒன்றுக்கு இரண்டு மூட்டையாகச் சொல்லி வைத்திருப்பதாக, சென்ற வாரம் தொலைபேசியில் அம்மா சொன்னார். பரணில் இடம் போதாதாம். அப்பா இன்னொரு பலகை அடித்துக்கொண்டிருக்கிறாராம்.