பன்னிரண்டு விலங்குகளும் சூரியனின் பதினொன்றும்

சீன நாள்காட்டியில் ஆண்டுக்கொரு விலங்கு. எலியில் தொடங்கி எருது, புலி, முயல் என்று பன்றி வரை பன்னிரண்டும் முடிந்தால் மறுபடி எலி. சூரியனில் கரும்புள்ளிகள் பெருகிக் குறைவது ஏறத்தாழ 11 ஆண்டுகளுக்கு ஒருமுறை. எண்கள் இவ்வளவு நெருங்கியிருப்பதால், சூரியனின் ஏற்ற இறக்கத்தைக் கணித்தே பழஞ்சீனர் விலங்குகளை அடுக்கினார்களோ என்று தோன்றும். இதைச் சோதித்துப் பார்ப்பது எளிது.

கரும்புள்ளிகள் உச்சம் தொட்ட ஆண்டுகள் இவை: 1958 நாய், 1968 குரங்கு, 1979 ஆடு, 1989 பாம்பு, 2001 மீண்டும் பாம்பு, 2014 குதிரை, 2024 டிராகன். பாம்பு இருமுறை வந்ததை மட்டும் பார்த்தால் மெய்சிலிர்க்கும். ஆனால் 1958 முதல் 2024 வரை 66 ஆண்டுகள். அதற்குள் சூரியன் ஆறு சுற்று முடித்துவிட்டது, விலங்குகளோ ஐந்தரைச் சுற்றுதான். நாயில் இருந்த உச்சம் வரிசையில் அதற்கு நேரெதிரே உள்ள டிராகனுக்கு வந்துவிட்டது.

இரண்டின் பிறப்பிடமும் வேறு. ஆண்டுகளைப் பன்னிரண்டாக எண்ணும் சீன வழக்கம் வியாழனோடு பிணைந்தது; அக்கோள் சூரியனைச் சுற்றிவர 11.86 ஆண்டுகள் ஆகின்றன. பிரபவ முதல் அட்சய வரையான நம் அறுபது ஆண்டுகளும் அதே குருவின் ஐந்து சுற்றுகளே. கரும்புள்ளிகளோ சூரியனின் காந்தப்புலத்தில் பிறப்பவை. சூரியனின் நடுப்பகுதி துருவங்களைவிட வேகமாகச் சுழல்வதால் காந்தக் கோடுகள் முறுக்கேறுகின்றன. ஒவ்வொரு சுழற்சியிலும் வட, தென் காந்த முனைகள் இடம் மாறுகின்றன. அந்தச் சுழற்சியும் சில சமயம் 9 ஆண்டுகளிலேயே முடியும், சில சமயம் 14 வரை நீளும்.

வியாழனே சூரியனைத் தூண்டுகிறதோ என்ற ஐயம் 19ஆம் நூற்றாண்டிலேயே எழுந்தது. ஆனால் அதன் ஈர்ப்பு சூரியப் பரப்பில் எழுப்பும் அலை ஒரு மில்லிமீட்டர்கூட இல்லை. வெள்ளி, பூமி, வியாழன் மூன்றும் சேர்ந்து தாளம் தரலாம் என்று ஜெர்மனியின் டிரெஸ்டன் ஆய்வாளர்கள் முன்வைத்த கருத்து இன்னும் விவாதத்தில் இருக்கிறது.

சீனர் சூரியனைக் கூர்ந்து பார்த்ததற்குச் சான்று வேறிடத்தில் உண்டு. கி.மு. 28இல் சூரியனின் நடுவே நாணயம் அளவு கருமை தெரிந்ததை ஹான் அரசவையினர் குறித்து வைத்தனர். ஜெர்மானியரான ஷ்வாபே 1826 முதல் நாள்தோறும் தொலைநோக்கியில் பார்த்து, 1844இல்தான் கரும்புள்ளிச் சுழற்சியை வெளியிட்டார். தொலைநோக்கிக்கு முந்தைய சூரியனின் வரலாற்றை எழுத முயலும் அறிவியலாளர்கள் இன்றும் அந்தச் சீனக் குறிப்புகளையே புரட்டுகிறார்கள்.